மருத்துவமனையில் கொடுத்த ஞானஸ்நானம்

சென்ற மாதம் ஊரப்பாக்கத்தில் இளம் ஆயர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடந்தது. ஓய்வுபெற்ற ஆயர் என்பதால் என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ‘சபைக்குள் கருத்து வேறுபாடும் ஐக்கியமும்’ என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. வசனங்களைச் சொல்லி, பொறுமையைப் பற்றிச் சொல்லி, கொடுத்த நேரத்துக்குள் முடித்துவிட்டேன். சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் ஆயர் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அம்மா, நீங்க சொன்னதெல்லாம் சரி. நீங்க சேர்த்து வெக்கப் பார்த்து, சேராம போனது ஒண்ணுகூட இல்லியா?” என்று கேட்டார்.

இருக்கிறது என்றேன். அதை அங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டேன், எழுதுங்கள் என்றார்கள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் குருப்பட்டம் பெற்ற காலத்தில் எங்கள் பக்கத்தில் பெண் ஆயர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். என்னைப் ‘பாஸ்டரம்மா’ என்று கூப்பிட்டார்கள். ஆயரின் மனைவியைக் கூப்பிடும் சொல் அது. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த என் கணவரைச் சிலர் ‘பாஸ்டரே’ என்று வணங்கினார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போவார். படிப்பு, தேர்வு, குருப்பட்டாபிஷேகம் எல்லாம் எல்லாருக்கும் நடப்பதுபோல நடந்தன. வேலையைக் கற்றது செங்கல்பட்டில், தேவசகாயம் ஐயரிடம் உதவி ஆயராக இருந்த காலத்தில்தான். மூத்த ஆயரை எங்கள் சபைகளில் ‘ஐயர்’ என்போம்.

அவர் உயரமான மனிதர். அதிகம் பேசமாட்டார். சபையில் இரண்டு பேர் சண்டை என்று வந்துவிட்டால் இருவரையும் ஆலயத்துக்கு அழைக்கமாட்டார். “கோயில்ல வெச்சுப் பேசினா ரெண்டு பேரும் வசனம் பேசுவான். வூட்டுல வெச்சுப் பேசினாத்தான் வலிக்கிறத சொல்லுவான்” என்பார். இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் போவார். சண்டை தீரும்வரை எந்த வீட்டிலும் தண்ணீர் தவிர வேறெதுவும் குடிக்கமாட்டார். ஒரு வீட்டில் காபி குடித்தார் என்றால் அடுத்த வீட்டில் அதுவே ஒரு செய்தியாகிவிடும். ஒரு வீட்டில் சொன்ன வாக்கியத்தை மற்ற வீட்டிலும் மாற்றாமல் சொல்வார். கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்ததும், “உன் பக்கத்த சொல்லிட்ட. இப்போ அவன் பக்கத்த சொல்லு. அவன் கேட்டா ‘ஆமா, இதான்’னு ஒத்துக்கிற மாதிரி சொல்லு” என்பார். அதன்பின் வாயே திறக்கமாட்டார். பெரிய பெரிய ஆட்கள் அந்த இடத்தில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

குருத்தோலை ஞாயிறு பவனி முதலில் எந்தத் தெருவுக்குப் போவது என்று ஒருமுறை தகராறு. இந்த முறையில் இரண்டு தெருக்காரர்களையும் பேச வைத்துப் பார்த்தார். ஒருவராலும் மற்றவர் பக்கத்தைச் சொல்ல முடியவில்லை. அந்த வருடம் பவனி எந்தத் தெருவுக்கும் போகாமல் ஆலயத்தை மட்டும் சுற்றி வந்தது. இரண்டு தெருவும் சேர்ந்து அவர்மீது கோபப்பட்டது. “கோபத்துலயாவது ஒண்ணா இருக்கட்டும்” என்று என்னிடம் சொன்னார். அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

பல வருடங்கள் கழித்து, மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே போகும் ஓர் ஊருக்கு என்னை மாற்றினார்கள். கடலோரத்தில் மீனவர் குப்பம். அதற்கு மேற்கே எங்கள் சபைக் குடும்பங்கள். அவர்களுடைய தாத்தாக்கள் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர்கள். பிள்ளைகள் ஆசிரியர்களாகவும், ஓட்டல் ஊழியர்களாகவும், சிறுசேரி ஐ.டி. கம்பெனிகளுக்கு வண்டி ஓட்டுகிறவர்களாகவும் இருந்தார்கள்.

சபைச் செயலாளர் ஞானமணி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மனைவி மரகதம் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகள் எஸ்தர். அவள் கணவன் ஸ்டீபன் கம்பெனி வண்டி ஓட்டினான், பாடகர் குழுவையும் நடத்திவந்தான். நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது மாமனாரும் மருமகனும் பேசுவது குறைந்திருந்தது. ஓ.எம்.ஆர். என்கிற பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கடையின் மாடியில் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் ஜெபக்கூட்டத்துக்கு ஸ்டீபன் போக ஆரம்பித்திருந்தான். எங்கள் சபையின் இளைஞர்கள் சிலரும் அவனோடு போனார்கள்.

அந்தக் கூட்டத்தாரின் போதனை வேறு. குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, வளர்ந்து தானே விசுவாசித்துத் தண்ணீரில் முழுகி எடுப்பதுதான் செல்லும் என்பார்கள். நாங்கள் குழந்தைக்கே கொடுப்போம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது சிறிய விஷயம். எங்களுக்குள் இதனால் அண்ணன் தம்பி பேசாமல் இருந்ததுண்டு.

ஒருநாள் காலையில் மீன் கொண்டுவரும் அஞ்சலை, கூடையை இறக்கி வைத்துவிட்டு, “பாஸ்டரம்மா, ஒங்க ஸ்டீபன் கடல்ல முழுக்கு போட்டுகினு வந்தாரு. அலை வேற பெருசு. நாலஞ்சு பேரு கையப் புடிச்சிகினு நின்னாங்க. இன்னாத்துக்கும்மா அது?” என்று கேட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

இப்படி மறுபடி ஞானஸ்நானம் எடுத்தவர்கள் திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்கவும் பொறுப்பு வகிக்கவும் கூடாது என்பது எங்கள் விதி. யாரும் ஞானமணியைக் கட்டாயப்படுத்தவில்லை. கமிட்டியில் அவரே எழுந்து, “விதி என்னுடைய வீட்டிலிருந்தே ஆரம்பிக்கட்டும்” என்றார். ஸ்டீபனிடமிருந்து பாடகர் குழு போனது. அந்தத் தீர்மானத்தைத் தன் கையால் எழுதியதும் ஞானமணிதான். நேர்மையான மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

நான் தேவசகாயம் ஐயர் செய்தபடியே செய்தேன். முதலில் ஸ்டீபன் வீட்டுக்குப் போனேன். தண்ணீர் மட்டும் குடித்தேன்.

“எங்கூட வண்டி ஓட்டின ஃப்ரெண்டு ஒருத்தன் கேளம்பாக்கத்தாண்ட லாரில மோதி செத்துட்டான், பாஸ்டர்” என்றான் ஸ்டீபன். “பின்னாடி வந்த வண்டி என்னுது. நான்தான் அவன வெளிய எடுத்தேன். அதுக்கப்புறம் எதிர்க்க லாரி வந்தா வண்டிய ஓரங்கட்டிடுவேன். நீங்க வர்றதுக்கு முன்னாடி நடந்தது இது. வாராவாரம் கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சுல உக்காந்தேன். இன்னாடா ஆச்சுன்னு ஒருத்தர் கேக்கல. எச்.எம். மருமகன் வந்துகிறான்னு நவுந்து எடம் வுட்டாங்க, அவ்ளோதான். அந்த மாடிக்குப் போன மொத நாளே ஒரு ஆளு எங்கையப் புடிச்சிகினு அழுதான். என் பேருகூட அவனுக்குத் தெரியாது.”

“உங்க மாமாவோட பக்கத்தச் சொல்லு” என்றேன்.

“மாமாவோட தாத்தாவ பண்ணையில பேரு சொல்லிக் கூப்டதே இல்லியாம். டேய்னுதானாம். ஆனா கைக்குழந்தையா கோயிலுக்குத் தூக்கினு போயி ஞானஸ்நானம் குடுத்தப்ப அவருக்குன்னு ஒரு பேரு வெச்சு, எல்லார் முன்னாடியும் சத்தமா சொன்னாங்களாம். அந்தத் தண்ணியப் போயி செல்லாதுன்னு நான் சொல்றேன்னு மாமாவுக்குத் தோணுது. அவரு எடத்துல நான் இருந்தா எனக்கும் வலிக்கும்.”

அதே சாயங்காலம் ஞானமணியிடம் போய், அவருடைய பக்கமாக ஸ்டீபன் சொன்னதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரியாத்தான் சொல்லியிருக்கான்” என்றார்.

“நீங்க அவர் பக்கத்தச் சொல்லுங்க, ஐயா.”

“அவன் பாட்டுக்கும் கூச்சலுக்கும் மயங்கிட்டான்.”

“இதக் கேட்டா அவர் ஒத்துக்குவாரா?”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்தித்தாளை எடுத்தார். நான் காத்திருந்தேன். அவர் பக்கத்தைப் புரட்டினார். எழுந்து வந்துவிட்டேன். அதன்பிறகு பலமுறை போயிருக்கிறேன். அந்த வீட்டில் அந்தக் கேள்வி அங்கேயே நின்றது.

எஸ்தருக்குப் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் வழக்கத்தில் ஞானஸ்நானத்தின்போதுதான் பெயரிடுவோம். தாத்தா அதற்கு நாள் கேட்டார். அப்பன், அவள் வளர்ந்து அவளே எடுக்கட்டும் என்றான். எஸ்தர் இருவருக்கும் நடுவில் இருந்தாள். ஞாயிறு காலையில் அப்பாவோடு ஆலயத்துக்கு வருவாள், வெள்ளிக்கிழமை கணவனோடு மாடிக்குப் போவாள். குழந்தை உட்காரும் பருவம் வந்தும் பெயர் இல்லை. பாப்பா, பாப்பா என்றே கூப்பிட்டார்கள்.

குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, வலிப்பு வந்து, செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் எஸ்தர் போன் செய்தாள். “பாஸ்டர், டாக்டர் கைய விரிச்சிட்டாரு. பாப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுக்கணும். ஒடனே வாங்க.”

நான் போனபோது தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே எஸ்தர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, ஞானமணி ஒரு பாட்டில் தண்ணீரோடு நின்றார். ஆலயத்திலிருந்து கொண்டுவந்த தண்ணீர். ஸ்டீபன் வராந்தாவின் மறுகோடியில், படிக்கட்டுக்குப் பக்கத்தில், சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான்.

“உள்ள போங்க, பாஸ்டரம்மா. நேரம் இல்ல” என்றார் ஞானமணி.

“ஸ்டீபன்கிட்ட கேட்டீங்களா?”

“தாய் கேட்டா போதும். விதியில அதுக்கு இடம் இருக்குது.”

“இடம் இருக்கு, ஐயா. ஆனா தகப்பன் அங்க நிக்கிறாரு. அவருக்குத் தெரியாம நான் செய்ய மாட்டேன்.”

“இந்த நேரத்துல போயி அவன்கிட்ட கேக்கணுமா?” என்றார். அவர் கண்ணில் இருந்தது கோபமா பயமா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் ஸ்டீபனிடம் நடந்து போனேன். ஆபத்து வேளை ஞானஸ்நானத்துக்குத் தண்ணீரும், பெயரும், திரியேக தேவனின் நாமமும் போதும். சில விநாடிகளில் முடிந்துவிடும். அந்த வராந்தா எனக்கு மிக நீளமாக இருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் குழந்தை போய்விட்டால், அந்தத் தாயின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

“ஸ்டீபன், எஸ்தர் ஞானஸ்நானம் கேக்கிறா. உன்ன மீறி செய்ய எனக்கு மனசு வரல. நீ என்ன சொல்ற?”

அவன் திரும்பவில்லை. “எனக்கு அதுல நம்பிக்க இல்ல, பாஸ்டர். ஒங்களுக்கே தெரியும்.”

“தெரியும்.”

“பாப்பா எதுவும் எடுக்கலன்னாலும் ஆண்டவர் அவள வுட்டுற மாட்டாரு. அதான் என் நம்பிக்க.”

“அது என் நம்பிக்கையுந்தான்” என்றேன். உண்மையில் அப்படித்தான் நம்புகிறேன்.

அப்போதுதான் திரும்பினான். “ஆனா எஸ்தருக்கு அது வேணும் இல்ல. நாளைக்கு அவ ஒண்ணுமில்லாத கையோட நிக்கக் கூடாது. வாங்க, நானும் வரேன்.”

உள்ளே மூன்று பேருக்கு மேல் விடமாட்டார்கள். நர்ஸ் எங்கள் நான்கு பேரையும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கதவைப் பிடித்துக்கொண்டாள். ஞானமணி நீட்டிய பாட்டிலை மட்டும் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, மூடி திறக்காத ஒரு பாட்டிலைப் பிரித்து, எவர்சில்வர் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தாள். நெற்றியில் டேப் ஒட்டாத ஒரு சின்ன இடத்தைக் காட்டினாள்.

“இந்தப் பிள்ளைக்கு இடும் பெயர் என்ன?” என்று கேட்டேன். பெற்றோர்தான் சொல்ல வேண்டும். எஸ்தர் ஸ்டீபனைப் பார்த்தாள்.

“மரகதம்” என்றான் ஸ்டீபன்.

இறந்துபோன மாமியாரின் பெயர். ஞானமணி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார். நான் விரலை நனைத்து, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் மரகதத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன். ஆமென் என்று நான்கு குரலும் வந்தது. ஸ்டீபனின் குரலும் அதில் இருந்தது. என் ஊழியத்தில் ஐக்கியம் என்ற சொல்லுக்கு நான் பார்த்த பொருள் அதுதான். அந்தக் கட்டிலைச் சுற்றி, அந்த நாலைந்து நிமிடம்.

மறுநாள் விடியும்போது குழந்தை இறந்துவிட்டது.

அடக்க ஆராதனையை எப்படி நடத்துவது என்று இரண்டு பக்கமும் பேசினேன். ஆராதனை என்னுடையது, கல்லறையருகில் ஒரு ஜெபம் மாடிக் கூட்டத்தின் போதகர் ஜான்சன் செய்வது என்று முடிவானது. ஜான்சன் இளைஞர். “நீங்க எங்க நிக்கச் சொல்றீங்களோ அங்க நிக்கிறேன், பாஸ்டர்” என்றார். ஞானமணியும் தலையாட்டினார். கல்லறைத் தோட்டம் சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. மணல் பூமி, தோண்டத் தோண்டச் சரியும். எங்கள் சபையார் குழியின் ஒரு பக்கமும், மாடிக் கூட்டத்தார் மதில் ஓரமும் நின்றார்கள். ஜான்சன் சுருக்கமாக ஜெபித்தார். யாரையும் குத்தாத ஜெபம். சிறிய பெட்டியை ஸ்டீபன் தானே இறங்கி வைத்தான்.

வழக்கப்படி குடும்பத்தின் சார்பில் ஒருவர் நன்றி சொல்ல வேண்டும். ஞானமணி முன்னே வந்தார். வந்தவர்களுக்கு நன்றி சொன்னார். பேத்தியை, மனைவியின் பெயரைச் சொல்லி, மரகதம் என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

“ஒரு சாட்சி சொல்லணும்” என்றார். “என் மருமகன் வழி தவறிப் போயிருந்தார். கடைசி நேரத்தில் கர்த்தர் அவர் கண்ணைத் திறந்தார். கடலில் முழுகினது வீண் என்று உணர்ந்து, நம் சபையின் ஞானஸ்நானத்தைத் தன் வாயாலேயே கேட்டு வாங்கினார். இதை, மதில் ஓரம் நிற்கிறவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.”

எங்கள் பக்கத்தில் யாரோ அல்லேலூயா என்றார்கள். ஸ்டீபன் கையில் மண்ணோடு நின்றான். மாமனாரை ஒருமுறை பார்த்தான். மண்ணைப் போட்டான். கையைத் தட்டிக்கொள்ளவில்லை. எஸ்தரின் தோளைத் தொட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே போனான்.

அன்றே ஞானமணி வீட்டுக்குப் போனேன்.

“நான் பொய்யா சொன்னேன்? அவன் பேரு சொல்லல? ஆமென் சொல்லல?” என்று கேட்டார்.

“சொன்னாரு, ஐயா. தன் நம்பிக்கைய விட்டுட்டுச் சொல்லல. எஸ்தருக்காகச் சொன்னாரு.”

“அத எப்படி நான் தெரிஞ்சிக்கிறது?”

“அவர்கிட்ட கேட்டிருக்கலாம்.”

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு ஆராதனையில், அறிவிப்புகளுக்குப் பிறகு, மருத்துவமனையில் நடந்ததை நடந்தபடி சபைக்குச் சொன்னேன். ஸ்டீபன் மனம் மாறவில்லை, மனைவிக்காக ஒத்துக்கொண்டார், அவரை மெச்சுகிறேன் என்றேன். பாதிப் பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். மீதிப் பேர் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்கள். ஆயர் எதிர்க்கட்சிக்குப் பரிந்து பேசுகிறார் என்று பேராயத்துக்குப் புகார் போனது. மாடியிலும் ஸ்டீபனை விடவில்லை. ஜான்சன் தடுத்துப் பார்த்தார். ஆனாலும் கூட்டத்தார், ‘குழந்தை ஞானஸ்நானத்துக்கு எப்படி ஆமென் சொன்னாய், சபை முன்னால் அறிக்கையிடு’ என்று கேட்டார்கள். அவன் அங்கே போவதையும் நிறுத்தினான். பாட்டுக் குழுவில் அவன் வளர்த்த பிள்ளைகள் ஒவ்வொருவராக எங்கள் ஆலயத்துக்கு வராமல் ஆனார்கள். ஜான்சன் கூட்டத்தார் எங்கள் தெருக்கோடியிலேயே இடம் வாங்கிக் கட்டினார்கள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு கீதக் குழுக்கள் ஒரே தெருவில், ஒன்றுக்கொன்று வழிவிடாமல் போயின. ஸ்டீபனும் எஸ்தரும் வீட்டைப் பூட்டிவிட்டு ஊரப்பாக்கத்துக்குக் குடிபோனார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கும் போவதில்லை என்று எஸ்தர் சொன்னாள்.

தேவசகாயம் ஐயர் அப்போது படுத்த படுக்கையாக இருந்தார். செங்கல்பட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணை மூடியபடியே கேட்டார். “நீ செஞ்சது சரி” என்றார். பிறகு, “சரியா செஞ்சிட்டா ஒட்டிக்கும்னு யாரு சொன்னாங்க?” என்றார். நான் அழுதேன். அவர் தடுக்கவில்லை.

மாறுதலாகி வேடந்தாங்கல் பக்கம் போய், அங்கேயே ஓய்வும் பெற்றேன். ஓய்வுபெற்ற மறுவருடம் ஞானமணி என்னைத் தேடிக்கொண்டு பஸ் மாறி மாறி வந்தார். மெலிந்திருந்தார். கோலூன்றி நடந்தார்.

“ஸ்டீபன் பக்கத்தை அன்னிக்கு என்னைச் சொல்லச் சொன்னீங்க” என்றார். “இப்போ சொல்றேன். அவன் செத்த ஃப்ரெண்டை மனசுல தூக்கிகினு வந்தப்போ நான் அந்த ஆலயத்துலதான் இருந்தேன். இன்னாடா ஆச்சுன்னு நான் கேக்கல. வேற ஒருத்தன் கேட்டான். அங்க போயிட்டான்.” கோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார். “கல்லறையில நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என் பொஞ்சாதி பேரை வெச்சான் அவன்.”

“என்கிட்ட சொல்லி என்ன, ஐயா? அவர்கிட்ட சொல்லுங்க” என்றேன்.

போனார். அடுத்த வாரம் போனில் சொன்னார். ஸ்டீபன் கதவைத் திறந்தானாம். உட்காரச் சொல்லி, காபி போட்டுக் கொடுத்தானாம். பஸ் எப்படி, முட்டிவலி எப்படி, எந்த டாக்டர் என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம். “வாயத் தொறக்கவே நேரம் கிடைக்கல, பாஸ்டரம்மா. அவனே வண்டியில கொண்டாந்து வூட்டாண்ட விட்டுட்டுப் போனான். இன்னொரு தபா போறேன்” என்றார்.

இன்னொரு முறை போவதற்குள் இறந்துவிட்டார்.

அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். பெட்டியின் முன்பக்கத்தை ஸ்டீபன் தூக்கி வந்தான். பேத்தியின் கல்லறைக்கு இரண்டு வரிசை தள்ளி இடம். நன்றி சொல்ல அவனைக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று கைகாட்டிவிட்டான். எல்லாரும் கலைந்த பிறகு, வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த அவனிடம் போனேன். எஸ்தர் உள்ளே உட்கார்ந்திருந்தாள், கண்ணாடி ஏற்றியிருந்தது. சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

“ஸ்டீபன், மாமா அன்னிக்கு ஊரப்பாக்கம் வந்தது சும்மா பாக்க இல்ல. உன்கிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்தாரு.”

“தெரியும், பாஸ்டர்” என்றான். “உள்ள வந்து ஒக்காந்த ஒடனே தெரிஞ்சிடுச்சி. அதான் அவரப் பேச வுடல. கேட்டுட்டா மன்னிக்கணும் இல்ல. எனக்கு அன்னிக்கு முடியல.”

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்தின் பக்கம் பார்த்தான்.

“இன்னொரு தபா வருவாருன்னு நெனச்சேன்” என்றான்.